கும்பத்துக்கு மேலே இருந்த மூட்டு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. 'சோப்புத்தண்ணி அண்ணை' என்றால்தான் தெரியும். செப்புக் குழாயில் எந்த மூட்டைப் போட்டாலும் சோப்புத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் ஏணியை விட்டு இறங்காதவன். பார்த்த பிறகும் நம்பாமல் அடுத்த நாள் வந்து இன்னொருமுறை பார்ப்பவன் என்று என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. பட்டப்பெயரைக் கேலிக்குத்தான் வைத்தார்கள். வைத்தவர்களில் இரண்டு பேர் என்னிடமே வேலை செய்தவர்கள். எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் இத்தனை வருடம் சுவரில் இயந்திரம் மாட்டியவனுக்கு அதைவிட நல்ல பட்டம் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை நான் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. இப்போது என் முழங்கால் ஏணிக்கு விடை கொடுத்துவிட்டது, சொல்ல நேரமும் இருக்கிறது.

சுவரில் எப்படித் துளை போடுவது, எந்தச் சுவருக்கு எந்தத் திருகாணி, மின்சாரத்தை எங்கே துண்டிப்பது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சான்றிதழ்கூட வைத்திருக்கிறீர்கள், சிலர் அதற்குச் சட்டமும் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று. ஒரு கும்பத்தைப் பற்றி.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இறைச்சிக் களஞ்சியங்களுக்குக் குளிரறை கட்டிவிட்டு, குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து ஹரோவில் குடியேறியிருந்தேன். அப்போது ஹீட் பம்ப் என்றால் எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் விளங்காது. 'சூடும் தாற ஏசி' என்றுதான் சொல்வார்கள். உள்ளே சுவரில் உயரத்தில் ஒரு நீளப் பெட்டி, வெளியே ஒரு விசிறிப் பெட்டி, இரண்டையும் இணைக்கும் இரண்டு செப்புக் குழாய்கள், குழாய்க்குள் ஓடும் வாயு. வெளியே குளிராக இருந்தாலும் அந்தக் குளிர்காற்றிலிருந்தே சூட்டைப் பிடித்து உள்ளே கொண்டுவரும் என்று சொன்னால், 'இவன் எங்களை ஏமாற்றுகிறான்' என்பதுபோல் பார்ப்பார்கள். ஆனாலும் வேலை வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டாத தமிழனை ஹரோவில் அப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த அறைக்கு ரேடியேட்டர் இழுக்கப் பழைய பொயிலரால் ஏலாது. கவுன்சில் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்து கட்டிய அறைக்குள் பனிக்காலம் முழுவதும் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

என்னைக் கூப்பிட இன்னொரு காரணமும் இருந்தது. பல வீடுகளில் அந்தப் பின்னறைதான் சாமியறை. வேறு ஆள் வந்தால் பூட்ஸோடு உள்ளே போவான், சாமிப் படத்தைத் தூக்கிக் குளியலறை வாசலில் சாய்த்து வைப்பான். நான் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுவேன். வெள்ளிக்கிழமை வேலை என்றால் மீன், இறைச்சி என்று மச்சம் தொடமாட்டேன். 'அந்த அண்ணைக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை, எல்லாம் தெரியும்' என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெயர் போனது. அந்தப் பெயரில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

இன்னொரு மனிதரையும் சொல்லிவிடுகிறேன், அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. ஜெர்மனியில் எனக்கு மேலே இருந்த போர்மன். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. அந்தக் காலத்தில் வாயு ஒழுகுவதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு சின்ன விளக்கு இருந்தது. கையில் பிடிக்கும் வாயு விளக்கு, சுடருக்குள் ஒரு செப்புத் தகடு. குழாயின் ஓரமாக அதைக் கொண்டுபோவார். சுடர் நீலமாக இருந்தால் நல்லது. எங்காவது எங்கள் வாயு ஒழுகினால், சுட்ட செப்பில் அது பட்டதும் சுடர் பச்சையாகிவிடும். பச்சை கண்டதும் முதலில் விளக்கை அணைப்பார், பிறகு கதவைத் திறப்பார், அதற்குப் பிறகுதான் பேசுவார். அந்த வாயு தனியே இருக்கும்வரை சாது. நெருப்பில் பட்டால் தொண்டையையும் நெஞ்சையும் அரிக்கும் நஞ்சாகிவிடும். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. சோதித்து முடித்த மூட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் தன் பெயரை எழுதி வைப்பார். அந்தப் பழக்கத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

இனி ரமணன் வீட்டுக்கு வருகிறேன். ரெய்னர்ஸ் லேன் ரயில் நிலையத்தில் இருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. ரமணன் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். மனைவி சுகந்தி சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பவர். கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை வயிற்றில் தங்கி, தங்காமல் போயிருந்தது. ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டி ஆறு நாளும் சுகந்தி விரதம் இருப்பார். ஒரு நேரம் பாலும் பழமும், மீதி நேரம் முருகன் படத்துக்கு முன்னால். அந்த வருடம் புதிதாகக் கட்டிய பின்னறையில் இருக்கப் போகிறார் என்பதால், விரதம் தொடங்கமுதல் அங்கே சூடு வந்துவிட வேண்டும் என்று ரமணன் ஒற்றைக்காலில் நின்றார்.

வெளிவேலை எல்லாம் முந்தின வாரமே முடித்துவிட்டேன். சுவரில் துளை போட்டு, குழாய்களையும் இழுத்துவிட்டேன். உள்ளே மாட்டும் பெட்டிதான் வரப் பிந்திவிட்டது. வந்தது விரதத்தின் முதல் நாள் மத்தியானம். நான் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது, அன்று காலையே கும்பம் வைத்தாகிவிட்டது.

எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். நான் குழாய் இழுத்து விட்டிருந்த இடத்துக்கு நேர் கீழே. சின்ன மேசை, வாழையிலை, அதில் பரப்பிய அரிசி, அதன்மேல் நூல் சுற்றிய பித்தளைச் செம்பு, மாவிலை, தேங்காய். பக்கத்தில் ஆறு நாளும் அணையாமல் எரிய வேண்டிய சின்ன விளக்கு. பின்னால் முருகன் மயிலோடு நிற்கிறார்.

வைத்த கும்பத்தை நினைத்தபாட்டுக்கு அசைப்பதில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுவும் பிள்ளை வேண்டி விரதம் பிடிக்கிற பெண்ணின் கும்பம். சுகந்தி வாசலில் நின்று கேட்டார்.

"அண்ணை, வேலை செய்ய வசதியா இருக்கோ? ஏதும் செய்ய வேணுமோ?"

"ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. நான் பாத்துக்கொள்ளுறன்."

அந்தப் பதிலை நான் எவ்வளவு பெருமையோடு சொன்னேன் தெரியுமா? வேறு ஆளாக இருந்தால் மேசையை நகர்த்தச் சொல்லியிருப்பான், நான் கும்பத்தைத் தொடாமலே வேலையை முடிப்பவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஏணியை மூன்றடி தள்ளிப் போட்டேன். மேலே ஏறி, கொய்யா பிடுங்குகிறவன்போல ஒரு பக்கமாகச் சரிந்து பெட்டியை மாட்டினேன். பெட்டி உறுதியாகத்தான் நின்றது. பெட்டிக்குப் பின்னால் இருந்த மூட்டுத்தான் சிக்கல். குழாயின் வாயை விரித்து, நட்டுப் போட்டு, இவ்வளவு என்று அளந்து முறுக்கும் சாவியால் முறுக்க வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும், ஆள் நேரே நிற்கவும் வேண்டும். சரிந்து நிற்பவனுக்கு அது ஏலாது. சாதாரணச் சாவியை எடுத்து, ஒரு கையால், மூட்டைக் கண்ணால் பார்க்காமல் முறுக்கினேன். பன்னிரண்டு வருடக் கை, அதற்குத் தெரியாதா என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீர் பூச வேண்டும், பூசவில்லை. பூசினால் நுரை கும்பத்தில் சொட்டும். குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி அளவுமானியைப் பார்த்தேன். இருபது நிமிடம் முள் அசையவில்லை. அடுத்த நாள்வரை விட்டிருக்க வேண்டும், ஆனால் பின்னேரப் பூசைக்கு அறை சூடாக வேண்டுமே. வெளிப்பெட்டியில் இருந்த வாயுவைக் குழாய்க்குள் திறந்துவிட்டேன். பெட்டியின் மூடியைப் போடமுதல் பென்சிலை எடுத்து என் பெயரை வடிவாக எழுதினேன்.

அதற்குள் சுகந்தி ஒரு குறை சொன்னார். விளக்கில் திரி நிற்காமல் எண்ணெய்க்குள் வழுக்கிக்கொண்டே இருக்கிறதாம். என் பையில் மின்கம்பித் துண்டு கிடந்தது. தோலை உரித்து, உள்ளே இருந்த மெல்லிய செப்புக் கம்பியைச் சுருளாக வளைத்து, திரியை அதற்குள் நிறுத்திக் கொடுத்தேன். திரி நேரே நின்று எரிந்தது.

"அண்ணையிட்ட எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு," என்றார் சுகந்தி.

அன்று காரோட்டி வீட்டுக்குப் போகையில் விசிலடித்துக்கொண்டு போனேன்.

நாலாம் நாள் பின்னேரம், வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ரமணன் போனில் கூப்பிட்டார். குரல் நடுங்கியது, ஆனால் சந்தோசத்தில்.

"அண்ணை, உடன வாங்கோ. எங்கட விளக்கு பச்சையா எரியுது!"

"என்ன பச்சை தம்பி?"

"மயிலின்ர பச்சை அண்ணை! முந்தநாள் சாடையாத் தெரிஞ்சுது. இண்டைக்கு வடிவாத் தெரியுது. சனமெல்லாம் வந்து கும்பிடுது. நீங்கள் குடுத்த கம்பியில எரியிற திரி எண்டு சுகந்தி உங்களைக் கட்டாயம் கூப்பிடச் சொன்னவ."

ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கொடுத்த கம்பி, என் கை என்று ஒரு கணம் பூரித்துப்போனேன். அடுத்த கணம் ஜெர்மனியில் போர்மன் விளக்கோடு நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. சுடருக்குள் செப்பு. பச்சை.

"தம்பி, எந்த நேரமும் பச்சையோ?"

"இல்லை, அதுதானே அதிசயம்! பூசைக்கு மட்டுந்தான். காத்தில விளக்கு ஆடும் எண்டு அந்த நேரம் மெசினை நிப்பாட்டுறனாங்கள். பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில பச்சையாகும்."

இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் எனக்குச் சொல்லியிருக்காது. விசிறி ஓடும்போது ஒழுகும் வாயு அறை முழுக்கக் கலைந்துபோகிறது. நிறுத்தினால், காற்றைவிடப் பாரமான அந்த வாயு சுவரோடு வழிந்து நேரே விளக்குக்கு இறங்குகிறது.

"சுகந்திக்கு எப்பிடி?"

"தொண்டை கட்டிப்போச்சு. விடாமல் பாட்டுப் படிச்சா கட்டாதோ? கண்ணும் எரியுதாம், சாம்பிராணிப் புகை."

"யன்னலைத் திறந்து வையுங்கோ தம்பி. நான் வாறன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கும்பத்துக்குப் பயந்து மூட்டை ஒழுங்காக முறுக்காதது என் முதல் பிழை. இது இரண்டாவது, முதலாவதைவிட மோசமானது. 'வாயு ஒழுகுது, எல்லாரையும் வெளியில எடுங்கோ' என்று அந்தப் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. விரதக்காரப் பெண்ணின் விளக்கைப் பற்றி அப்படி ஒரு சொல் சொல்ல எனக்குத் துணிவில்லை. காரணம் சொல்லாமல் யன்னலைத் திறக்கச் சொன்னேன். ஐப்பசிக் குளிரில், விளக்கு எரியும் அறையில், காரணம் இல்லாமல் யார் யன்னல் திறப்பார்கள்? வழிநெடுகக் கார் நெரிசல். அந்த அரைமணி நேரத்தில் நான் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்கச் சப்பாத்துகள். பின்னறையில் இருபது பேருக்குக் குறையாமல் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். யன்னல்கள் இறுக்கிப் பூட்டியிருந்தன. சாம்பிராணி வாசத்துக்கு அடியில் மூக்கைக் குத்தும் ஒரு புளித்த மணம். எனக்குத் தெரிந்த மணம். சுகந்தி விளக்குக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் இருந்தார். சுடருக்கு மேல் உள்ளங்கைகளைக் காட்டி, கண்ணில் ஒற்றி, மறுபடி காட்டினார். சுடர் பச்சை. உண்மையைச் சொன்னால், வடிவாகத்தான் இருந்தது.

ரமணனை அறைக்கு வெளியே நடைக்கு இழுத்துப் போய் இரண்டு வசனத்தில் சொன்னேன். மருந்தாளர், விளக்கம் தேவைப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, சத்தமில்லாமல் செய்வம். சர்வீஸ் எண்டு சொல்லி ஆக்களை அனுப்பிறன். நீங்கள் இறுக்கிப்போட்டுப் போங்கோ. அவவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ. ஏழு வருசத்தில இந்த மூண்டு நாளும்தான் அவ சிரிச்சவ."

அவர் கெட்ட மனிதரில்லை. மனைவி மேலிருந்த அன்பில் கேட்டார். எனக்கும் அது எவ்வளவு வசதி! நட்டை இறுக்கினால் பச்சை போய்விடும். முருகன் வந்தார், போனார் என்று சனம் கதைக்கும். என் பெயர் கெடாது, மாறாக இன்னும் உயரும். அந்த அறையில் இருந்தவர்களில் நாலைந்து பேர் தங்கள் வீட்டுக்கும் இயந்திரம் கேட்டிருந்தவர்கள். என் வாழ்க்கையில் பொய் அவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு முன்னால் வந்து நின்றதில்லை.

ஆனால் சுகந்தி கையை நீட்டிக் கண்ணில் ஒற்றுவதை நான் பார்த்துவிட்டேனே. இவருக்கு உண்மை தெரியாவிட்டால் அந்தக் கம்பியை வாழ்நாள் முழுக்க வைத்திருப்பார். அடுத்த வருடமும் பச்சைக்குக் காத்திருப்பார். என்றாவது ஒருநாள் மறுபடி ஒழுகினால், ஓடித் தப்ப வேண்டியவர் இன்னும் கிட்டப் போய் உட்காருவார்.

"ஏலாது தம்பி," என்றேன். "அவவுக்குத்தான் முதல் தெரிய வேணும்."

உள்ளே போனேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. கையைத் தட்டினேன்.

"எல்லாரும் மன்னிக்க வேணும். இந்தப் பச்சை என்ர பிழை. மேல நான் போட்ட குழாயில வாயு ஒழுகுது. அது நெருப்பில பட்டால் நஞ்சு. தயவுசெய்து எல்லாரும் கெதியா வெளியில போங்கோ."

சொல்லிக்கொண்டே யன்னல்களைத் திறந்தேன். பாட்டு நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"தெய்வத்தின்ர விசயத்தில கை வைக்காதையும்."

"தெய்வத்தில கை வைக்கேல்லை ஐயா. என்ர குழாயிலதான் வைக்கப்போறன்."

ஒருவர் எழுந்தார், பிறகு எல்லோரும் எழுந்தார்கள். சுகந்தி மட்டும் எழவில்லை. என்னைப் பார்த்து, கட்டிய தொண்டையால் கேட்டார்.

"அண்ணை, வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் தங்கச்சி. விளக்கை அணைக்கத் தேவையில்லை. நீங்களே கையில எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போங்கோ. சுடரைப் பாத்துக்கொண்டு போங்கோ."

சுகந்தி இரண்டு கையாலும் விளக்கைத் தூக்கினார். நான் பின்னால் போனேன். கதவடியில் பச்சை மங்கியது. நடையில் சுடரின் ஓரத்தில் மட்டும் இருந்தது. முன் அறை வாசலைத் தாண்டியபோது சுடர் மஞ்சளாகிவிட்டது. அதே விளக்கு, அதே எண்ணெய், அதே கம்பி. சுகந்தி விளக்கை மேசையில் வைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதார். வாய்விட்டு அழுதார். ரமணன் பக்கத்தில் போய் இருந்தார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

வெளியே போய், குழாயில் இருந்த வாயு முழுவதையும் வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்தேன். மின்சாரத்தைத் துண்டித்தேன். பின்னறையின் இரண்டு பக்கமும் காற்று ஓடி, அந்த மணம் முழுவதும் போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வந்து, அப்படியே நின்றுவிட்டேன். கும்பம் அதே இடத்தில் இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் என் கால் ஏணியை மூன்றடி தள்ளித்தான் கொண்டுபோனது, நம்புவீர்களா?

"ஏன் அண்ணை நிக்கிறியள்?"

சுகந்தி வாசலில் நின்றார். முகம் கழுவியிருந்தார். நான் கும்பத்தைக் காட்டினேன். அவர் ஏணியையும் கும்பத்தையும் மேலே இருந்த பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். படிப்பிக்கிறவர், கணக்கு விளங்க நேரமாகவில்லை.

"இதுக்காகத்தான் அண்டைக்குச் சரிஞ்சு நிண்டு வேலை செய்தனீங்களோ?"

"ஓம் தங்கச்சி."

"நான் கேட்டனான்தானே, ஏதும் செய்ய வேணுமோ எண்டு."

"கேட்டனீங்கள்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை. அண்டைக்கே தூக்கி அங்கால வச்சிருப்பன். என்ர முருகன் ரெண்டடி நகரமாட்டார் எண்டு நீங்கள் எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?"

சுகந்தி கைகூப்பி ஒருமுறை கும்பிட்டுவிட்டு, செம்பை அடியோடு அணைத்துத் தூக்கினார். ஒரு மாவிலைகூட விழவில்லை. முன் அறைக்குக் கொண்டுபோய் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஏணியை நேரே போட்டு ஏறினேன். மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது என் பெயர். சோதிக்காத மூட்டுக்குப் பக்கத்தில் வடிவான எழுத்தில் என் பெயர். போர்மன் சோதித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். நான் கையெழுத்தை மட்டும் பழகியிருந்தேன். விரலால் அழித்தேன். நட்டு ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு, அரைச் சுற்றுக் குறைவாக நின்றது. குழாயை வெட்டி, புதிதாக விரித்து, அளவுச்சாவியால் இரண்டு கையாலும் முறுக்கினேன். அழுத்தம் ஏற்றி, சோப்புப் பூசிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாள் பின்னேரம் போனேன். முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் வாயுவைத் திறந்தேன்.

அந்த ஒரு நாளும் சுகந்தி முன் அறையில் விரதம் இருந்தார். அன்றே ரமணன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். தொண்டையிலும் கண்ணிலும் எரிச்சல்தான், நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை, சில நாளில் மாறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஊர் வாயைக் கேட்பீர்கள். 'முருகன் வந்த வீட்டில விளக்கைத் தூக்கச் சொன்னவன்' என்று ரெய்னர்ஸ் லேன் கடைகளில் கொஞ்ச நாள் கதைத்தார்கள். இயந்திரம் கேட்டிருந்தவர்களில் இரண்டு பேர் வேறு ஆளைப் பிடித்தார்கள். ஆனால் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் ஒருவர் சுகந்தியிடமே இதைக் கேலியாகச் சொல்லப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டார். "இருபது பேருக்கு முன்னால தன்ர பிழையைச் சொன்ன ஆளைத்தான் நான் என்ர வீட்டுக்கு விடுவன்" என்றாராம். அதற்குப் பிறகு எனக்கு ஓய்வெடுக்கும்வரை வேலைக்குக் குறைவிருக்கவில்லை. குழந்தை பிறந்ததா என்று கேட்காதீர்கள். அது அவர்களுடைய கதை, இந்தக் கதைக்குள் இழுக்க எனக்கு உரிமையில்லை.

என் கையால் மாட்டிய இயந்திரங்கள் இந்த ஊரில் எத்தனையோ சுவரில் இருக்கின்றன. ஒன்றும் விழவில்லை, சுகந்தி வீட்டு ஒன்றைத் தவிர எதுவும் எவரையும் காயப்படுத்தவில்லை. எனக்கு அதில் பெருமைதான், அடக்கமாக இருப்பதுபோல் நடிக்கமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய பெருமை, பாட்டு நடந்துகொண்டிருந்த அந்த அறையில் கையைத் தட்டியதுதான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், பையை இறக்கமுதல், 'இதை நகர்த்தலாமோ?' என்று கேட்டுவிடுவேன். படமோ, தொட்டிலோ, நோயாளியின் கட்டிலோ, எதுவானாலும் கேட்பேன். ஒருவராவது ஏலாது என்று சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பதைத்தான் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆறு நாள் விரதம் முடிந்து, ஏழாம் நாள் காலை விரதம் முறிக்கும் பாறணைச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி சுகந்தி கூப்பிட்டார். மூட்டை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று நான் சோப்புப் போத்தலையும் கொண்டுபோனேன். பின்னறை சூடாக இருந்தது. கும்பம் மறுபடி அங்கேதான் இருந்தது, ஆனால் பழைய இடத்தில் இல்லை. சுவரோடு தள்ளி, பெட்டிக்கு நேர் கீழே ஓர் ஏணியின் அகலத்துக்கு இடம் விட்டு, கூட்டித் துடைத்து வைத்திருந்தது. விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"அண்ணைக்கு இடம் விட்டிருக்கிறன்," என்றார் சுகந்தி. குரல் திறந்துவிட்டிருந்தது.

நேரே ஏறி நின்று, மூட்டைச் சுற்றிச் சோப்புப் பூசினேன். ஒரு சொட்டு நுரை வழிந்து, காற்றில் பறந்து, கும்பத்தின் வாழையிலையில் போய் விழுந்தது. நான் பதறிப்போய்க் கீழே பார்த்தேன்.

"நீங்கள் மூட்டைப் பாருங்கோ," என்று சுகந்தி தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டார்.

குமிழி ஒன்றும் வரவில்லை. பென்சிலை எடுத்து என் பெயரை எழுதினேன்.